சிவப்புக் கோடு வரைக்கும்

ஜூன் 19, வியாழன்

பல் காலேஜில் கொடுத்த நோட்டு இது. காலை, மதியம், சாயங்காலம், இரவு என்று நாலு கட்டம். குழந்தை என்ன தின்றது, எத்தனை முறை பல் தேய்த்தது என்று தினமும் எழுத வேண்டுமாம். கடைசியில் ‘வேறு ஏதாவது’ என்று ஒரு கட்டம், அதற்கு மட்டும் அரைப் பக்கம் விட்டிருக்கிறார்கள். பத்தாவது பரீட்சையிலும் இப்படித்தான் இடம் விட்டு என்னைக் கவிழ்த்தார்கள். அன்றைக்கு எழுத ஒன்றும் இல்லை. இன்றைக்குப் பேனா நிற்க மாட்டேன் என்கிறது.

குழந்தை பெயர் சஷ்விகா. ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. பெயர் நான் வைத்ததில்லை, என் வீட்டுக்காரி தவமணி கைப்பேசியில் தேடி எடுத்தது. எனக்கு அது வாயில் நுழைய மூன்று மாதம் ஆனது, அதனால் பாப்பா என்றே எழுதுகிறேன். தவமணிக்கு நூல் மில்லில் வேலை. நான் சென்னியப்பன், கோபி - சத்தி தனியார் பஸ்ஸில் கண்டக்டர். சொத்து என்று சொல்லிக்கொள்ள முப்பத்திரண்டு பல் இருக்கிறது, ஒன்றில்கூட ஓட்டை இல்லை.

காலை: இட்லி 2, சர்க்கரை தொட்டு. மதியம்: பள்ளிக்கூடச் சாப்பாடு, முட்டை. சாயங்காலம்: பன், டீ. இரவு: தோசை 1, பால். பல் தேய்த்தது: ஒரு முறை. ஒன்றரை என்று போடட்டுமா என்று கேட்டேன். தவமணி முறைத்தாள். ஒன்றுதான்.

ஜூன் 20, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் எச்சில் எடுத்தார்கள். நாற்பது பிள்ளைகள், கூடவே அம்மாவோ அப்பாவோ. தவமணிக்குப் பகல் ஷிப்ட், நான் போனேன்.

டாக்டர் ரெஹானா என்று ஒரு அம்மா. சின்ன வயது, சத்தமான குரல். “எச்சில்னா கேவலமா நெனைக்காதீங்க. பல்லைக் காப்பாத்துற புரதங்கள் அதுலதான் இருக்கு. பல்லு மேல மெல்லிசாப் படிஞ்சு, புளிப்பு அரிக்காமப் பாத்துக்கும், கிருமியக் கட்டுப்படுத்தும். ஒரே மிட்டாயைத் தின்ன ரெண்டு பிள்ளைங்கள்ல ஒண்ணுக்குச் சொத்தை விழுது, இன்னொண்ணுக்கு விழலை. ஏன்? அதைத்தான் பாக்கப் போறோம்” என்றார்.

“அப்ப நான் பெரிய பணக்காரனுங்க டாக்டர். தெனமும் ஐந்நூறு டிக்கெட் எச்சில் தொட்டுத்தான் கிழிக்கிறேன்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். “மொதல்ல அந்தப் பழக்கத்தை விடுங்க. ஊர் முழுக்க உங்க எச்சிலா?” என்றார்.

விரல் நீளத்துக்கு ஒரு குப்பி கொடுத்தார்கள். பாதியில் சிவப்புக் கோடு. காறித் துப்பக்கூடாதாம், வாயில் தானாக ஊறுவதை உதட்டு ஓரமாக வழியவிட வேண்டுமாம். மற்ற பிள்ளைகள் பத்து நிமிடத்தில் வழியவிட்டு எழுந்து போய்விட்டார்கள். பாப்பா உதட்டைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். “புளியங்காய நெனச்சுக்க சாமி” என்றேன். “நெனச்சேன்ப்பா. வல்ல” என்றாள். மாங்காய் சொன்னேன், நெல்லிக்காய் சொன்னேன், எனக்குத்தான் ஊறியது.

கேட்டுக்கு வெளியே எங்கள் 9.40 வண்டி வந்து நின்றது. டிரைவர் துரைராசு அண்ணன் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவே இல்லை.

எப்படியோ கோடு வரைக்கும் நிறைந்தது. கொடுத்துவிட்டு ஓடினேன்.

ஏறினதும் டிக்கெட் கிழிக்க வரவில்லை. வாய் காய்ந்து கிடந்தது. “என்ன மாப்ள, எச்சிலெல்லாம் எங்க போச்சு?” என்று அண்ணன் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். சும்மா கேட்டதுதான்.

ஜூன் 27, வெள்ளி

பல் தேய்த்தது: இரண்டு முறை. டாக்டர் படிக்கப் போகிற நோட்டு என்பதால் அல்ல. நிஜமாகவே.

ஜூலை 4, வெள்ளி

ரிப்போர்ட் வந்தது. பாதுகாக்கும் புரதம்: அதிகம். எச்சில் அளவு: நன்று. சொத்தை அபாயம்: குறைவு.

டாக்டர் போனில் பேசினார். “இந்த வயசுல இவ்வளவு நல்ல எச்சில் நான் பாத்ததே இல்ல. அபாயம் அதிகம் இருக்கிற பிள்ளைங்க மாசா மாசம் வந்து பல்லுக்கு மருந்து பூசிக்கணும். உங்க பாப்பா மூணு மாசம் கழிச்சு வந்தாப் போதும். ஆனா ஒண்ணு, எடது கீழ்க் கடைவாயில ரெண்டு பால் பல்லு சொத்தை ஆரம்பிச்சிருக்கு. இந்த மாசத்துக்குள்ள கூட்டிட்டு வந்து அடைச்சுக்கங்க. எச்சில் நல்லா இருந்தா ஓட்டை தானா மூடிக்காது.”

எங்கள் குடும்பத்தில் ஒருத்தருக்கு ‘அதிகம்’ என்று காகிதத்தில் வருவது இதுதான் முதல் தடவை. தவமணி அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். “எம் புள்ளைக்கு நல்ல பல்லுங்க” என்று மில்லில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் கும்பிடப் போனவன், காற்றில் பறக்கிறது என்று சொல்லி அதை எடுத்துப் பீரோவுக்குள் வைத்துவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் என் ரத்தம்தானே அவளுக்கும்? என் எச்சில் எப்படியோ அவள் எச்சிலும் அப்படித்தானே இருக்கும்? இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. அடித்தால் அசிங்கமாகத் தெரியும், இருக்கட்டும்.

ஜூலை 18, வெள்ளி

பல் அடைக்கப் போகவில்லை. ஆடி முதல் வெள்ளி. பண்ணாரி அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் எங்கள் வண்டியில்தான் சத்தி வரை தொங்கிக்கொண்டு வரும். லீவு கேட்டால் முதலாளி என்னையே காணிக்கையாகப் போட்டுவிடுவார்.

ஜூலை 23, புதன்

காலை: இட்லி 1. மதியம்: பள்ளிக்கூடச் சாப்பாடு, பாதி. இரவு: சோறு, ரசம்.

சோற்றில் ரசத்தைக் குளம் கட்டினால்தான் இறங்குகிறது. ஒரு வாய் சோறு, ஒரு மடக்குத் தண்ணீர். “இது என்ன புள்ள, லாரி ரேடியேட்டராட்ட தண்ணி கேக்குது” என்றேன். பாப்பா சிரித்தாள். சிரித்ததில் கீழ் உதடு வெடித்து ரத்தம் வந்தது. நெய் தடவினோம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. கொடிவேரி அணைக்குப் போனோம். தண்ணீர் நன்றாக விழுந்தது. பொரித்த மீன் வாங்கினேன். பாப்பா முழுவதையும் வலது பக்கமே மென்றாள். ஏன் சாமி என்றேன். “அந்தப் பக்கம் தூங்குதுப்பா, எழுப்புனா அழும்” என்றாள். யாரிடமிருந்து இந்தப் பேச்சைக் கற்றாள் என்று தவமணி என்னைப் பார்த்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

தூங்குகிற பக்கத்தைப் பார்க்கலாம் என்று நான் வாயைத் திறக்கச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தவமணி மில்லிலிருந்து வரும்போது பஞ்சுத் தூசியும் புடவையோடு வருகிறது. பாப்பாவுக்கு எப்போதும் மூக்கடைப்பு, அரிப்பு, தும்மல். போன தீபாவளியிலிருந்து மருந்துக்கடைக்காரர் கொடுக்கிற சிவப்பு மருந்தைப் படுக்கும்போது ஒரு மூடி ஊற்றுகிறோம், சில நாள் இரண்டு. அப்புறம் அசங்காமல் தூங்குகிறாள். தித்திப்பாக இருப்பதால் அவளே கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். பல் தேய்த்த பிறகுதான் கொடுக்கிறோம், ஒழுங்காக.

மருந்து சாப்பாட்டில் சேராது, அதனால் கட்டத்தில் போடவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இடது பக்கப் பல்லில் ஓரம் உதிர்ந்து முறுக்கோடு வந்தது. பாப்பா அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். கறுப்பாக, மிளகு மாதிரி.

“ஏனுங்க, டாக்டரம்மா அடைக்கச் சொன்னாங்கல்ல?” என்றாள் தவமணி.

“ரிப்போர்ட்ட நீயே படிச்சியே. அபாயம் குறைவுன்னு போட்டிருக்குதல்ல? விழுகிற பல்லுதான புள்ள.”

நான் சொன்ன மாதிரியே இல்லை. ஏதோ படித்தவன் பேசின மாதிரி இருந்தது. தவமணி நம்பிவிட்டாள். சொல்லச் சொல்ல எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது, அதுதான் விசேஷம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

வலி. கிராம்பு வைத்தோம். தூங்கினாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

வலி இல்லை. பல் செத்துவிட்டால் வலிக்காதாம், துரைராசு அண்ணன் சொல்கிறார். நல்லதுதானே என்றேன். அவர் கியர் மாற்றினார்.

செப்டம்பர் 19, வெள்ளி

இடது கன்னம் லேசாக உப்பியிருக்கிறது. “மிட்டாய ஒதுக்கி வெச்சிருக்கறயா?” என்று கேட்டு வாயில் விரலை விடப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். அவள் என் கையைத் தட்டுகிற பிள்ளை இல்லை.

செப்டம்பர் 20, சனி

காலையில் கன்னம் தாடைக்கு இறங்கி, தாடை கழுத்துக்கு இறங்கிவிட்டது. சிவந்து, தொட்டால் சுடுகிறது. வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறக்கிறது. பேச்சு மூக்கில் வருகிறது.

எங்கள் வண்டியிலேயே கூட்டிப் போனேன். நாற்பது பேர் இருந்தார்கள், நாற்பது வைத்தியம் சொன்னார்கள். மஞ்சள் பற்றுப் போடு, உப்பு ஒத்தடம் கொடு, அம்மைக்கட்டாக இருக்கும், வேப்பிலை கட்டு. பின்சீட்டிலிருந்து ஒரு கிழவர் எழுந்து வந்து பாப்பாவின் கழுத்தைப் பார்த்தார். “எச்சில முழுங்கறாளா தம்பி?” என்று கேட்டார். “முழுங்கறதுக்கு இருந்தாத்தானுங்க” என்று சொல்லிவிட்டேன். சொன்னதற்கப்புறம்தான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

துரைராசு அண்ணன் நாலு ஸ்டாப்பில் நிறுத்தவில்லை. ஏறக் காத்திருந்தவர்கள் கல்லை எடுத்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்த உடனே உள்ளே கொண்டுபோனார்கள். சீழ் கழுத்துக்குள் இறங்குகிறது, இன்னும் ஒரு நாள் போயிருந்தால் மூச்சுக்குழாயை அடைத்திருக்கும் என்றார்கள். மயக்கம் கொடுத்து, தாடைக்குக் கீழே கீறி சீழை எடுத்து, இரண்டு பல்லையும் பிடுங்கினார்கள். கையெழுத்துக் கேட்டார்கள். என் பெயர் ஏழு எழுத்தா எட்டா என்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

பிழைத்துக்கொண்டாள். கழுத்தில் குழாய், கையில் ஊசி. “அப்பா, தண்ணி” என்கிறாள்.

டாக்டர் ரெஹானா வந்தார். யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சின்னக் கண்ணாடியைப் பாப்பாவின் வாயில் விட்டுக் கன்னத்தை ஒதுக்கினார். எடுக்கும்போது கண்ணாடி கன்னத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டு தடவை செய்து பார்த்தார். அப்புறம் அவர் சத்தமாகப் பேசவில்லை.

“ஜூன் மாசம் கோடு வரைக்கும் குடுத்த பிள்ளை இது. இப்ப வாயில ஈரமே இல்ல. காய்ச்சல்னால மட்டும் இப்படி ஆகாது. பல்லுகளைப் பாத்தா இது இன்னிக்கு நேத்து வறட்சியும் இல்ல” என்றார். தனக்குத்தானே சொல்கிற மாதிரி, “மூணு மாசத்துல சுரப்பி இப்படி நின்னு போகுதுன்னா உடம்புல வேற ஏதோ நடக்குது” என்றார்.

“வேறன்னா?” என்றாள் தவமணி.

“இப்பவே பயப்பட வேண்டாம். பாத்துடலாம்.” அப்புறம் என்னைப் பார்த்து, “வேற மருந்து ஏதாவது குடுக்கறீங்களா? அந்த நோட்டு எங்கே?” என்றார்.

“வீட்ல இருக்குதுங்க. மருந்து ஒண்ணுமில்லீங்க, சாதாரண சளிக்குத்தான் எப்பவாவது.”

நோட்டு என் டிக்கெட் பையில் இருந்தது. அதில்தான் இப்போது எழுதுகிறேன்.

செப்டம்பர் 22, திங்கள்

ரத்தம் எடுத்தார்கள். நாலு குப்பி. சர்க்கரை நோயா, தன் உடம்பே தன் சுரப்பியைத் தின்கிற நோயா என்று பார்க்கிறார்களாம். அப்படியும் ஒரு நோய் இருக்கிறதாம். கையில் நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். பாப்பா அழுதாள், கண்ணீர் நன்றாக வந்தது. அந்த நோயில் கண்ணீரும் வற்றுமாம், நர்ஸ் அதையும் எழுதிக்கொண்டார்.

தவமணி பண்ணாரி அம்மனுக்குத் தீக்குண்டம் இறங்குவதாக வேண்டிக்கொண்டாள். “நாம என்ன பாவம் பண்ணோமுங்க?” என்று கேட்டாள். டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனேன். மூன்று டீ குடித்தேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

ரத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு மூச்சு வந்தது. டாக்டருக்கு வரவில்லை. ரத்தத்தில் தெரியாவிட்டால் நாளைக் காலையில் கீழ் உதட்டுக்கு உள்ளே கீறி, கடுகு அளவு சுரப்பிச் சதை எடுத்துப் பார்க்க வேண்டுமாம். பிள்ளை அசையாமல் இருக்க மறுபடியும் மயக்கம். கழுத்து வீக்கம் முழுதாக வடியாததால் மயக்கத்தில் ஆபத்து உண்டு, ஆனாலும் தள்ளிப்போட முடியாது என்றார்கள்.

கையெழுத்துக் கேட்டார்கள். போட்டுவிட்டேன்.

போட்டேன் என்பதை எழுதிவைக்கிறேன். இது எனக்குத் தெரிய வேண்டும்.

செப்டம்பர் 24, புதன்

ஏழரைக்குப் பாப்பாவுக்குப் பச்சைத் துணி மாட்டினார்கள். அளவு பெரிது, தோளிலிருந்து வழிந்தது. தள்ளுவண்டி வந்தது. டாக்டர் ரெஹானா கூடவே நடந்தார். வாசற்படியில் வண்டி ஏறி இறங்கியபோது பாப்பாவின் தலை ஆடியது.

“டாக்டர், அது என்னுதுங்க” என்றேன்.

“எது?”

“அந்தக் குப்பில இருந்த எச்சிலு. பாப்பாவுக்கு வரலீங்க. வண்டி வந்துருச்சு. தூணுக்குப் பின்னாடி நின்னு நான்தான் கோடு வரைக்கும் துப்பி வெச்சேன்.”

வண்டி தள்ளுகிறவர் தானாக நின்றுவிட்டார்.

“அப்ப பாப்பா எவ்வளவு குடுத்தா?” என்றார் டாக்டர்.

“அடியில ஒரு சொட்டுங்க.”

“‘வரலைன்னா வரலைன்னு சொல்லுங்க, அதையும் எழுதிக்குவோம்’னு அன்னைக்கு எத்தனை தடவை சொன்னேன்? அந்த ஒரு சொட்டோட குடுத்திருந்தா அதுதாங்க ரிப்போர்ட்டு. மாசா மாசம் வரச் சொல்லியிருப்பேன். இந்தப் பிள்ளையத்தான் மொதல்ல வரச் சொல்லியிருப்பேன்.” குரல் ஏறவே இல்லை. “சளி மருந்து எத்தனை நாளா?”

நான் வாயைத் திறப்பதற்குள் தவமணி சொன்னாள். “தெனமும்ங்க. போன தீபாவளியிலிருந்து.”

நோட்டைப் பையிலிருந்து எடுத்தேன். ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதியைப் பிரித்து நீட்டினேன். நின்றபடியே படித்தார். “இந்த மருந்தே எச்சில வத்த வைக்கும். அதுலயும் சர்க்கரைப் பாகு, பல்லு தேச்சப்பறம்” என்றார். மருந்தை இன்றோடு நிறுத்தச் சொன்னார். மூன்று வாரம் பார்க்கலாம், எச்சில் ஊறவில்லை என்றால் அன்றைக்குக் கீறித்தான் ஆக வேண்டும் என்றார். பாப்பாவைத் திருப்பி வார்டுக்குத் தள்ளச் சொன்னார்.

தவமணி முதலில் கேட்டது, “அப்ப வியாதி இல்லீங்களா?” அழுதாள், டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டி திரும்பி வார்டுக்குள் போனதற்கு அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள்.

“மூணு நாளா எம் பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?”

திட்டியிருந்தால் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சமாளித்திருப்பேன். திட்டவில்லை.

டாக்டர் நோட்டை வாங்கிக்கொள்ளவா என்று கேட்டார். கடைசியாக இந்தப் பக்கத்தை எழுதிவிட்டுத் தருகிறேன் என்றேன். எழுதிவிட்டேன்.

அக்டோபர் 15, புதன்

இது பாப்பாவின் பழைய இரட்டைக்கோடு நோட்டு. முன்பக்கம் முழுக்க அ, ஆ. கட்டம் எதுவும் இல்லை, கேட்பதற்கு யாரும் இல்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்று மூன்று வாரம். பல் காலேஜுக்கு மூன்று பேரும் போனோம். வீட்டில் தவமணி என்னோடு தேவைக்குப் பேசுகிறாள். “சாப்பாடு எடுத்து வெச்சிருக்குது” என்கிற மாதிரி, யாருக்கோ சொல்கிற மாதிரி.

பாப்பாவின் கையில் குப்பியைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். நியாயம்தான். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் கோட்டுக்குப் பாதி வந்தது. டாக்டர் உள்ளிருந்து தலையசைத்தார். கீற வேண்டாம். பழைய ரிப்போர்ட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாகப் பார்ப்பார்களாம். இனிமேல் மாசா மாசம் வர வேண்டும்.

அப்புறம் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். பிடுங்கின இடத்துக்குக் கீழே, எலும்புக்குள், இரண்டு வெள்ளை மொக்கு. நிலைக்கிற பற்களாம். சீழ் அவற்றைச் சுற்றித்தான் நின்றிருக்கிறது. “அரிச்சிருக்கலாம், அரிக்காமலும் இருக்கலாம். நல்ல பல்லா வருமா, குழி விழுந்து வருமா, வராமலே போகுமான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. பத்து வயசுல, பதினோரு வயசுல, வெளிய வரும்போதுதான் தெரியும்.”

இன்னும் நாலு வருஷம். அது உள்ளேயே இருக்கும். அவள் சிரிக்கும்போதும், பள்ளிக்கூடம் போகும்போதும், நான் டிக்கெட் கிழிக்கும்போதும்.

திரும்பி வரும்போது எங்கள் வண்டிதான் கிடைத்தது. துரைராசு அண்ணன் முன்சீட்டை விட்டு வைத்திருந்தார். பாப்பா ஜன்னலோரம், நடுவில் நான், அந்தப் பக்கம் தவமணி. தாடைக்குக் கீழே இருக்கிற தழும்பைப் பாப்பா விரலால் தடவிக்கொண்டே வந்தாள். கொடிவேரி பிரிவு தாண்டினதும் கேட்டாள்.

“அப்பா, எனக்குப் புதுப் பல்லு நல்லா வருமா?”

பட்டு மாதிரி வரும், முத்து மாதிரி வரும், உங்கப்பன் பல்லாட்ட இரும்பு மாதிரி வரும் என்று மூன்று பதில் நாக்கு நுனிக்கு வந்தது. தவமணி முன்னால் ரோட்டைப் பார்ப்பதை விட்டு என்னைப் பார்த்தாள். மூன்று வாரத்தில் அதுதான் முதல் தடவை.

“தெரியல சாமி” என்றேன்.